மூன்றாம் நம்பர் பூத்தில் மிளகாய்

எங்கள் மிளகாய் மில் டெலிபோன் கடையாக மாறியபோது எனக்கு ஒன்பது வயது. அந்த நாட்களில் வெள்ளவத்தையில், காலி வீதியில், எந்தக் கடையை நம்பியும் ஒரு வாரம் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை சேலைக் கடையாக இருந்தது திங்கட்கிழமை லொட்ஜ் ஆகியிருக்கும். பாட்டுக் கசெட் பதிந்து கொடுத்தவருடைய இடத்தில் ஏஜென்சிக்காரர் ஒருவர் பெரிய உலகப் படத்தை மாட்டிவிட்டு அதன் கீழே உட்கார்ந்திருந்தார். என் சட்டைகளைத் தைத்த டெய்லர் பாஸ்போர்ட் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார். அளவெடுத்த பழக்கம் விடாமல், படம் எடுக்க வந்தவர்களின் தோளையெல்லாம் இழுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் கடைகளை அடையாளம் வைத்துத்தான் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புவேன். ஒரு நாள் அடையாளமாக இருந்த பேக்கரியை இடித்துவிட்டார்கள். இரண்டு ஒழுங்கை தாண்டிப் போய் நின்று அழுத என்னை, டெய்லர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டார்.

வடக்கில் நடந்த சண்டைக்கும் எங்கள் தெருவில் கடைகள் வேஷம் மாற்றுவதற்கும் தொடர்பு உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சனம் கப்பலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கியது. வந்த சனத்துக்குப் படுக்க இடம் வேண்டும், பொலிஸில் பதிய வேண்டும், படம் எடுக்க வேண்டும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு கதைக்க வேண்டும். மிளகாய் அரைப்பது அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

பேக்கரி இருந்த இடத்தில் ஐந்து மாடி ஃபிளாட்ஸ் எழும்பியது. அதில் குடிவந்தவர்கள் முதல் வேலையாக எங்கள் மில்லைப் பற்றி மாநகரசபைக்கு எழுதிப்போட்டார்கள். இருமலாம், இரைச்சலாம், காயப்போட்ட உடுப்பெல்லாம் சிவப்பாம். விசாரிக்க வந்த உத்தியோகத்தர் கதவடியிலேயே ஏழெட்டுத் தும்மல் தும்மி, எங்கள் பக்க நியாயத்தைக் கேட்காமலே திரும்பிப் போனார். கொஞ்ச நாளில் அப்பா இரண்டு மெஷினையும் மட்டக்குளியில் ஒருவருக்கு விற்றுவிட்டார். லொறி போன பிறகும் வெகுநேரம் அவர் வாசலில் நின்றார். கொமினிகேஷன், அதாவது காசு கொடுத்து வெளிநாட்டுக்குக் கதைக்கும் கடை, போடலாம் என்று யோசனை சொன்னவர் சித்தப்பா. போர்ட் எழுதுவித்தவரும் அவர்தான்.

ஹார்ட்போர்ட் அடித்து, கண்ணாடிக் கதவு வைத்து, மூன்று பூத் செய்தார்கள். மூன்றாம் நம்பர் பூத் வந்தது மிளகாய் மெஷின் நின்ற மூலையில். இரண்டு தரம் வெள்ளையடித்தும் அந்த மூலையில் காரம் போகவில்லை. முதல் வாரம் நாங்கள் குடும்பத்தோடு தும்மினோம்.

அந்த வாரத்தில்தான் ஒரு பெண் அதற்குள்ளிருந்து அழுதுகொண்டே வந்தார். முறைக்குக் காத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்பா மேசையிலிருந்து எழும்பாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "குறை நினையாதேங்கோ தங்கச்சி. முந்தி மிளகாய் மில் இருந்த இடம். என்ன செய்தும் தூள் போகுதில்லை, கண்ணை எரிக்கும்."

"ஓம், சரியான எரிவு," என்று சொல்லி அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மூக்கையும் சிந்திவிட்டு நிமிர்ந்து நடந்து போனார்.

அதன் பிறகு அது அப்பாவுக்கு வாய்ப்பாடாகிவிட்டது. மூன்றாம் நம்பரிலிருந்து யார் கண் சிவந்து வந்தாலும் மிளகாய்தான். வந்தவர்களும் மறுக்கவில்லை. ஓம் ஓம், மிளகாய் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் தானாக எழும்பி வந்து, எங்கள் சோற்றில் கல் இருக்கிறது என்று சொல்வாரா? போதாததற்கு, ஒன்றும் இரண்டும் சும்மா இருக்கும்போதே சிலரைப் பார்த்து, "நீங்கள் மூண்டுக்குப் போங்கோ" என்பார். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று நான் யோசிப்பேன். எதிர்ப்பக்கத்தில் ஏசி போட்டுப் புதிதாக ஒரு கொமினிகேஷன் திறந்திருந்தார்கள். இப்படியே போனால் வாடிக்கையெல்லாம் அங்கே போய்விடும் என்று சித்தப்பா புறுபுறுத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு வியாபாரம் தெரியாது என்று நான் முடிவு கட்டினேன்.

சனிக்கிழமைகளில் எதிர் லொட்ஜிலிருந்து ஒரு அக்காவும் அவருடைய தகப்பனாரும் வருவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதமாக அங்கே ஒரே அறையில் இருந்தார்கள். பெரியவர் வெள்ளை வேட்டி, சேர்ட், தோளில் சால்வை, கையில் குடை என்று கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வருவார். மூத்த மகன் சுவிஸில் இருந்தார். அவர் சொன்ன நேரத்துக்கு எங்கள் கடைக்கு டெலிபோன் எடுப்பார். இளையவர் ஏஜென்சி மூலம் வெளிக்கிட்டு, ரஷ்யாப் பக்கம் எங்கேயோ வழியில் நின்றார். பெரியவருக்குக் காது மந்தம். இடது காதுக்குள் கத்தினால்தான் ஏதும் ஏறும். ஆகவே அக்கா உள்ளே போய்க் கதைப்பார். பெரியவர் வாங்கில் இருந்து கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா வந்ததும், "தம்பி என்னவாம்?" என்று உரத்துக் கேட்பார்.

"சுகமா இருக்கிறானாம் அப்பா. அங்க சரியான குளிராம். நல்ல ஜக்கெற் ஒண்டு வாங்கிப் போட்டிருக்கிறானாம்."

பெரியவர் திருப்தியோடு தலையாட்டுவார். "கண் ஏன் சிவந்திருக்கு?" என்பார். அக்கா வாயைத் திறக்கும் முன் அப்பா மேசையிலிருந்து கையால் மூக்கைத் தேய்த்துக் காட்டி, "மிளகாய் ஐயா, மிளகாய்" என்று கத்துவார். பெரியவர் சிரித்துவிட்டு, மில்காரன் மிளகாயைக் கடையோடு சேர்த்துத் தந்துவிட்டான் என்று பகிடி சொல்வார்.

ஒரு மாதமாக இப்படித்தான் நடந்தது. ஒரு நாள் குசினியில் அப்பா அம்மாவிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தப் பெடியன் எல்லை கடக்கேக்க குளிரில போயிட்டானாம். தகப்பனுக்கு இன்னும் சொல்லேல்லை. இருதய வருத்தக்காரன். களுபோவில ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பேக்கயே, அதிர்ச்சி ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவராம். மூத்தவன் வந்து இறங்குமட்டும் மறைக்கிறதெண்டு இருக்கினம்." அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, "பாவம், அந்தப் பிள்ளை எப்பிடித்தான் தாங்குதோ" என்றார். என்னைக் கண்டதும் இருவரும் பருப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கதைத்தது அத்தனையும் என் காதில் விழுந்ததுதான். ஆனால் யாருடைய தகப்பன், எந்தப் பெடியன் என்று கேட்கவும் தோன்றவில்லை. பெரியவர்கள் குசினியில் கதைப்பது எப்போதும் யாராவது வேறு ஆட்களைப் பற்றித்தான் இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா பொலிஸ் பதிவு விஷயமாகப் போயிருந்தார். சித்தப்பா மேசையில் தலை வைத்துத் தூங்கினார். வாளி நிறையத் தண்ணீர், ஒரு கட்டிச் சவர்க்காரம், கொஞ்சம் தேங்காய்த் தும்பு. மூன்றாம் நம்பர் பூத்தை நான் மேலிருந்து கீழே தேய்த்தேன். ஸ்டூலில் ஏறி மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். வயருக்குப் பின்னால் மட்டும் பயத்தில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். முடித்துவிட்டுச் சுவரில் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். காரத்தின் சுவடே இல்லை, முழுக்கச் சவர்க்கார வாசம். கடையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. முதலாவது ஆள் சிரித்த முகத்தோடு வெளியே வரும்போது அப்பா அதிசயப்பட வேண்டும், அப்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை வாங்கு நிறையச் சனம். சுவிஸிலிருந்து அழைப்பு வந்தது. அப்பா வழக்கம்போல அக்காவை மூன்றாம் நம்பருக்கு அனுப்பினார். நான் கதவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். அன்றைக்கு அக்கா வெகுநேரம் கதைத்தார். வெளியே வந்தபோது, எனக்கு நம்பவே முடியவில்லை, கண் முன்னைவிடச் சிவந்திருந்தது.

"இண்டைக்கும் மிளகாயோ?" என்று பெரியவர் சிரித்துக்கொண்டு கேட்டார்.

அப்பா வாயெடுக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். என் வேலையைக் குறை சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பெரியவரின் இடது காதுக்குள், இருந்த பலமெல்லாம் கூட்டிக் கத்தினேன்: "மிளகாய் இல்லைத் தாத்தா! நான் நேற்றே சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டன். இனி ஒருத்தருக்கும் கண் எரியாது."

பாராட்டுக்காகச் சுற்றிப் பார்த்தேன். வாங்கில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அப்பா பேனையோடு எழும்பி நின்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். பூத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்ப ஏன் பிள்ளை அழுகிறாய்?"

அக்கா அவருக்குப் பக்கத்தில் இருந்து, காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னார். பெரியவர் தலையை ஆட்டி, "கேக்கேல்லை" என்றார். அக்கா இன்னொரு முறை சொன்னார். "கேக்கேல்லைப் பிள்ளை, உரத்துச் சொல்லு."

மூன்றாவது முறை அக்கா உரத்துச் சொன்னார். காலி வீதி பஸ்களின் சத்தத்துக்கு மேலே அது கேட்டது. "தம்பி இல்லை அப்பா. போன மாசமே செத்துப்போனான்." ஒன்றாம் நம்பரில் கதைத்துக்கொண்டிருந்தவர் கூட ரிசீவரை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பெரியவர் விழவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. குடையை மடியில் நேராக வைத்தார். பிறகு, "அப்ப அந்த ஜக்கெற்?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

அப்பா ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். அம்மா உள்ளேயிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்தார். என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அடித்திருந்தால் எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும். சாவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் நான் சவர்க்காரம் போட்டதற்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை. நான் கழுவியதால்தான் அந்த அண்ணா செத்தார் என்று இரண்டு நாள் பயந்தேன். பிறகு, நான் கழுவியது வெள்ளிக்கிழமை, அவர் செத்தது போன மாதம் என்று விரல் விட்டுப் பார்த்து ஆறுதலடைந்தேன். ஆனாலும் கடையில் எல்லோரும் என்னோடு கொஞ்சம் கூடுதல் மெதுவாகவே கதைத்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வருவார்கள் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை. வந்தார்கள். பெரியவர் அதே வெள்ளை வேட்டி, அதே குடை. சுவிஸ் அழைப்பு வந்ததும், இன்றைக்கு நான் கதைக்கிறேன் என்று அவர் எழும்பினார். ஒன்றும் இரண்டும் காலியாகவே இருந்தன. அப்பா மூன்றைக் கைகாட்டினார். கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். பெரியவர் கொஞ்சம் கதைத்தார். பிறகு ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றார். காது கேட்காத மனிதர் இவ்வளவு நேரம் எதைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. வாங்கில் இருந்த புது ஆட்கள் அவரைப் பார்த்தார்கள். அப்பா மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். பெரியவர் சால்வையால் முகத்தைத் துடைத்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீ வடிவாக் கழுவேல்லை. மிளகாய் இன்னும் கிடக்கு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இல்லைத் தாத்தா, நான் வடிவாத்தான் கழுவினனான். மணந்தும் பாத்தனான்" என்று அவர் காதுக்குள் கத்தினேன். அப்பா பக்கம் திரும்பினேன், அவர் எனக்காகக் கதைப்பார் என்று. அப்பா, "தாத்தா சொன்னா சரி. திரும்பக் கழுவு, போ" என்றார்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். சுவரில் எங்கும் சவர்க்கார வாசம்தான். தும்பால் தேய்க்கத் தேய்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது. அவ்வளவு வயதான மனிதர் வாய் கூசாமல் ஏன் பொய் சொல்கிறார், எல்லாம் தெரிந்த அப்பா ஏன் அதற்கு ஒத்து ஊதுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. அந்தக் கோபத்தில் நான் பெரியவர் போகும்போது அவருக்குக் கை காட்டவில்லை.