நாலாம் தாங்கியில் வனிலா இல்லை

மாக்கிறேட்டுக்கு வனிலா என்றாலே குமட்டும். ஆறு வருஷமாக டண்டினொங் புறநகரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவளுக்கு அதோடுதான் சீவியம். அங்கே பெரிய உருக்குத் தாங்கிகளில், மரபணுவை மாற்றிய ஈஸ்ட்டுக்குச் சீனித் தண்ணீர் ஊட்டுவார்கள். தின்றதில் உடம்பை வளர்க்காமல் அது வனிலா வாசப்பொருளைச் செய்து தரவேண்டும். தாங்கிகளில் மாதிரி எடுத்து, மணந்து, அளந்து, தாளில் கையெழுத்துப் போடுவது மாக்கிறேட்டின் வேலை. எத்தனை தரம் முழுகினாலும் தலைமுடியை விட்டு அந்த வாசம் போகாது. நத்தார்ப் பண்டிகைக் கேக்கைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டுவாள்.

அந்த ஈஸ்ட்டை உருவாக்கியவன் சுகிர்தன். மன்னார்ப் பிள்ளை, அவள் போகும் அதே மாதா கோயிலுக்கு வருபவன். ஆனால் வெள்ளைக்காரர் முன்னால் தாய் வயதுக்காரியை "மாக்கிறேட்" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். முதலில் சுருக்கென்றது. வேலையிடம்தானே என்று பிறகு விட்டுவிட்டாள்.

போன மாதம் ஒருநாள் அவனே மாதிரிப் போத்தலோடு வந்து நின்றான்.

"அன்ரி, நானே எடுத்திட்டன். நீங்கள் ஒருக்கா சைன் பண்ணிவிடுங்கோ."

அன்ரி என்ற அந்த ஒரு சொல்லில் உருகிப்போனாள். எங்கட பிள்ளைதானே என்று, மூடியைத் திறந்துகூடப் பாராமல் போட்டுக் கொடுத்தாள். வெள்ளைக்காரன் கேட்டிருந்தால் போட்டிருப்பாளா?

இன்று காலை நாலாம் தாங்கியைத் திறந்தால், அப்ப மாவு புளித்த வாடை மட்டும் முகத்தில் அடித்தது. விஷயம் விளங்கிவிட்டது. வனிலா செய்கிற செல்களுக்குப் பெருகத் தெம்பு குறைவு. வேலையை மறந்த நாலைந்து செல்கள், சீனியைத் தின்று கொழுத்துப் பெருகித் தாங்கியையே பிடித்துவிட்டன. அது ஈஸ்ட்டின் குணம், அதில் அவளுக்குக் கோபமில்லை.

ஆய்வுக்கூடத்தில் சுகிர்தன் மாதிரிப் போத்தலோடு நின்றான். போத்தல் வனிலாவாகக் கமகமத்தது. பக்கத்துக் குப்பைக் கூடையில் கடையில் வாங்கிய வனிலாத் தூள் டப்பா. களவை மறைக்கக்கூட அக்கறையில்லை! அவள் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"போன மாதமும் இதைத்தானே செய்தனி?"

"புது ஈஸ்ட் ரெடியாகும் வரைக்கும்தான் அன்ரி. பத்து மணிக்குக் கொம்பனியில காசு போட்ட ஆக்கள் வருகினம். உண்மை தெரிஞ்சால் கொம்பனியை மூடிப்போடுவாங்கள். உங்கட வேலையும் போயிடும்." அவளுக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்பவன் போலச் சிரித்தான்.

ஐம்பத்தாறு வயதில் இன்னொரு வேலை கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பைவிட, போன மாதத் தாளில் கிடந்த தன் கையெழுத்துத்தான் அவளுக்கு அருவருத்தது. ஒரு அன்ரிக்கு விலைபோன கையெழுத்து.

கோப்பிலிருந்து பழைய தாளை உருவினாள். கையெழுத்தின் மேல் கோடு இழுத்து, "இந்த மாதிரியை நான் எடுக்கவில்லை" என்று எழுதித் தேதி போட்டாள். புதிய தாளில், "தாங்கியில் வனிலா இல்லை. போத்தலில் இருப்பது டப்பாத் தூள்" என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டாள்.

"அன்ரி, என்ன செய்யிறீங்கள்?" அவன் குரல் கீச்சிட்டது.

"மாக்கிறேட் எண்டே கூப்பிடு தம்பி. இது வேலை செய்யிற இடம்."