மேசைமேல் வைத்த சாவி

சாவிக்கொத்து மேசையில் பட்ட சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். ஸ்டோர்கீப்பர் சார் அதை மெதுவாக, தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைப்பது போல வைத்தார். மூன்று சாவிகள், ஒரு பித்தளை வில்லை. வில்லை கடைசியாக மரத்தைத் தொட்டது. வேலை நேரத்தில் அந்தக் கொத்து அவர் இடுப்பை விட்டு இறங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அறுபதுகளின் நடுவில், கடலூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரில் நான் அட்டெண்டர். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. அது போய்விடுமோ என்ற பயம் எனக்குச் சேர்ந்த நாளிலேயே பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஸ்டோர் கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். மஞ்சக்குப்பம் மைதானம் வரை நடந்துவிட்டு, சந்தேகம் வந்து, திரும்பிப் போய் நாலாவது தரம் இழுத்ததும் உண்டு. சாருக்கு என்னைப் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் சிதம்பரத்துக்காரர். தினமும் ரயிலில் வருவார். இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. அந்தக் கண் எப்போதும் உறுத்தும், நீர் வடியும். பதினோரு மணிக்கு அதில் சொட்டு மருந்து விடுவது என் வேலைகளில் ஒன்று.

சார் கோபம் வந்தால் இங்கிலீஷில்தான் பேசுவார். அந்த இங்கிலீஷை நான் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டேன். யாராவது டாக்டர் கையெழுத்தில்லாமல் மருந்து கேட்டு வந்தால், "கோ பை தி புக்" என்று, மருந்து கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குகிற இன்டென்ட் புத்தகத்தைத் தட்டுவார். அதனால் புக் என்றால் எனக்கு அந்த நீல அட்டைப் புத்தகம். "எல்லாம் ரெட் டேப்" என்று அலுத்துக்கொள்ளும்போது அவர் கையில் கோப்பு கட்டுகிற சிவப்பு நாடா இருக்கும். ஸ்டோர் வாசலில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தோம். ஆட்கள் அதைத் தாண்டி வரக்கூடாது. தாண்டினால், "டோ தி லைன்!" டோ என்றால் கால்விரல் என்பது எனக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும். விரல் கோட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதானே? அவர் சொன்ன இங்கிலீஷ் எல்லாமே அந்த அறைக்குள் கண்ணெதிரே இருந்தது. அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றப் போகிறது?

அவர் பயத்துக்கும் காரணம் இருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில், கையெழுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, எட்டு மாதம் சஸ்பென்ஷனில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த எட்டு மாதத்தில் பெண்ணுக்கு வந்த வரன் திரும்பிப் போய்விட்டது. இதை அவர் சொன்னதில்லை, எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னார்.

அன்று பலாப்பழ லாரி ஒன்று ஒரு பெண்ணை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. காடாம்புலியூர் முந்திரிக்காட்டில் சருகு கூட்டும்போது விரியன் கடித்திருந்தது. கணவனும் அவள் தம்பியும் கூட வந்தார்கள். ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. பெரிய டாக்டர் சிதம்பரம் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தார். இன்னொரு டாக்டர் லீவு. விஷமுறிவு ஊசி மருந்து எங்கள் அலமாரியில்தான் இருந்தது. ஆறே ஆறு புட்டி. அதற்கு டாக்டர் கையெழுத்து கட்டாயம் வேண்டும்.

நர்ஸம்மா ஓடி வந்தார். "மருந்தக் குடுங்க சார், நான் போடுறேன். டாக்டர் வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"கையெழுத்தில்லாம எப்படிம்மா குடுப்பேன்?"

"அந்த அலமாரிக்குத்தான் தாலி கட்டியிருக்கீங்க போல!" சொல்லிவிட்டு நோயாளியைப் பார்க்கத் திரும்பி ஓடினார்.

கணவன் வாசலில் நின்றான். கோடு இருப்பதைப் பார்த்து, கால்விரல்களை அதற்கு வெளிப் பக்கமே வைத்துக்கொண்டான். "சார், உங்க கால்ல வுழறேன் சார். பச்சப்புள்ள இருக்கு சார் வூட்டுல." பின்னாலிருந்து மைத்துனன் கத்தினான்: "என்னா மாமா கெஞ்சிக்கினு நிக்கிற? பூட்ட ஒடைச்சிடலாம் வா!" "சும்மா இரு மச்சான். அவுங்க மனசு வெச்சாதான் ஆவும்" என்றான் கணவன்.

அவன் கோட்டைத் தாண்டவில்லை. இதை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன்!

சார் எழுந்தார். சாவிக்கொத்தைக் கழற்றி, என் பக்கமாக மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். வாசலில் நிற்பவர்களுக்குப் புரியாதபடி இங்கிலீஷில், தணிந்த குரலில் சொன்னார்: "ஐ வில் டர்ன் எ பிளைண்ட் ஐ." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பிளைண்ட் என்றால் குருடு. ஐ என்றால் கண். மணி பதினொன்று. பதற்றத்தில் அவருக்குக் கண் வலி அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சொட்டு மருந்தை எடுத்து வந்தேன். அவர் தலையை நிமிர்த்தி, அந்தக் கண்ணில் இரண்டு சொட்டு விட்டேன். அவர் தடுக்கவில்லை. நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆச்சு சார்," என்றேன். சாவி மேசையில் அப்படியே கிடந்தது. அதை அங்கே விடுவது ஆபத்து என்று எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

டாக்டர் இரண்டு மணி பஸ்ஸில் வந்தார். கையெழுத்துப் போட்டார், மருந்து கொடுத்தோம், நர்ஸம்மா ஊசி போட்டார். விளக்கு வைப்பதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். "லேட்டு" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. விசாரணையும் வரவில்லை. இன்டென்ட் புத்தகம் சரியாக இருந்தது.

பல வருஷங்கள் கழித்து என் மகள் பரீட்சைக்கு உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "டு டர்ன் எ பிளைண்ட் ஐ. கண்டும் காணாமல் இருத்தல்." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தரம் சொல்லு என்றேன். சொன்னாள். கை கழுவ எழுந்தவன் கொல்லையில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

மறுநாளே சிதம்பரம் போனேன். சாருக்கு அதற்குள் மற்ற கண்ணும் போய்விட்டிருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார்.

"அன்னிக்கு சாவிய எனக்காகத்தான் வெச்சீங்களா சார்?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. "நீ எடுத்துக்குவேன்னு நெனச்சேன். எடுத்தா நான் பாக்கலன்னு சத்தியம் பண்ணலாம்னு இருந்தேன்."

"எனக்குப் புரியல சார்."

"சொட்டு வுட்டியே, அப்பவே தெரிஞ்சிப் போச்சு." வடிகிற கண்ணைத் துண்டால் துடைத்தார். "தமிழ்ல சொல்லியிருக்கலாம். நானே தொறந்திருக்கலாம். ரெண்டும் பண்ணல."

எனக்குப் புரியவில்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதனால் என் பாரம் குறைந்ததா? இல்லை. சொல்லாமலே புரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டுமா என்ன? சாவி இருந்தது, அலமாரி இருந்தது, வாசலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

சார் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது என் மகள் வேலை முடிந்து வந்ததும் வீட்டுச் சாவியை மேசையில் வைப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டு எழுந்து நின்றுவிடுவேன். "என்னாப்பா, என்னா வேணும்?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். ஆனாலும் கண் முதலில் வாசலுக்குத்தான் போகும், அங்கே யாராவது விரல்களைக் கோட்டில் வைத்து நிற்கிறார்களா என்று.