பங்குனிக்குள் முடிக்க வேண்டிய கலியாணம்

யாழ்ப்பாணத்தில் பிறந்த நமக்கு ‘ஓம்’ என்பது வெறும் ‘ஆமாம்’தான். காஞ்சிபுரத்தில் அப்படியில்லை. நான் இங்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு நாகம்மா, “பால் வாங்கிட்டீங்களாமா?” என்று கேட்டாள். “ஓம்” என்றேன். “சாப்ட்டீங்களா?” அதற்கும் ஓம். “ஊரு புடிச்சிருக்குதா?” என்றதற்கும் அதே பதிலைச் சொன்னதும், அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “வேதக்காரவங்க, கிறிஸ்தவங்கன்னு சொன்னாங்க. நீங்க இன்னாமா, சாமி மந்திரத்தையே சொல்லிக்கினு இருக்கீங்க?” தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறாய் என்று தைரியம் சொல்லி என்னைக் கப்பலேற்றியவர்களை அன்று நினைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்தவர்களுக்கும் சொல்கிறேன்: ஒரே மொழியில் இடறுவதுதான் பலமான இடறல்.

பெரிய காஞ்சிபுரத்தில் மிஷன் நடத்தும் பெண்பிள்ளைகள் பள்ளியில் நான் ஆசிரியை. என் வாடகை வீட்டுக்குச் சுவரொட்டிய வீடு நாகம்மாவுடையது. அவள் கணவர் ஏகாம்பரம் பட்டுத் தறி வைத்திருந்தார். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோத்து நெய்யும் புடவைகளை அவர் நெய்வார். அந்தத் தறியில் ஒருவர் மட்டும் இருந்து நெய்ய முடியாது. மறுகரைக்கு ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அது நாகம்மாவின் கை. அவர்களுடைய ஒரே மகள் வள்ளி, பன்னிரண்டு வயதுக்காரி, என் வகுப்பில் படித்தாள்.

பதினாலு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கலியாணம் செய்தால் குற்றம் என்று ஒரு சட்டம் நிறைவேறியதும், அது பங்குனியில் நடப்புக்கு வரப்போகிறது என்பதும் ஊரெல்லாம் பரவியது. நான் மகிழ்ந்துபோனேன். எவ்வளவு பேதைமை! சட்டம் வருமுன் முடித்துவிட வேண்டும் என்று வீடுவீடாக முகூர்த்தம் குறித்தார்கள். தையிலும் மாசியிலும் மேளச் சத்தம் ஓயவில்லை. தறிகளும் ஓயவில்லை. ஒருநாள் ஏகாம்பரத்தின் தறியில் முக்கால் நீளத்திலேயே முந்தானை வந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டேன். “பொண்ணு சின்னதும்மா. முழுப்புடவை கட்டினா தடுக்கி வுழுந்துடும்” என்றார், தலை நிமிராமல். என் வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் பலகைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் வேதக்கோயில் வேம்படியிலும் இதே பேச்சுத்தான். “நம்ம சபையில யாரும் சின்னப் புள்ளைக்குத் தாலி கட்றதில்ல. நமக்கு எதுக்கு இந்த வம்பு?” என்றார் ஒரு மூப்பர். கதர் உடுத்திய இளம் உபாத்தியாயர் ஒருவர் விடவில்லை. “நல்ல சட்டத்தை நல்லதுன்னு சொல்றதுக்கு இன்னா பயம் ஐயா? கொண்டாந்தவரு நம்ம நாட்டுக்காரருதானே!” பள்ளியை நடத்தும் வெள்ளைக்கார அம்மாவுக்கு வேறு கவலை. நாம் வாய் திறந்தால், மதம் மாற்றப் பேசுகிறோம் என்று மிச்சப் பிள்ளைகளையும் நிறுத்திவிடுவார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. போதகர் வழக்கம்போல ஆளுகிறவர்களுக்காக ஜெபித்து முடித்தார். ஆளப்படுகிற அந்தச் சிறுபிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட எங்கள் ஜெபத்தில் வரவில்லை என்பது வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் ஏகாம்பரம் என் வாசலில் வந்து நின்றார். “வள்ளி நாளையிலேர்ந்து வராதுமா. வாலாஜாபாத்துல மாப்பிள்ளை. மாசியிலயே வெச்சுட்டோம்.” உபதேசம் செய்ய எனக்கு அதிகாரமில்லை என்று தயங்கித் தயங்கி, “கலியாணத்தை ஆறுதலாச் செய்யலாமே” என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் நாகம்மா வந்தாள். கண் சிவந்திருந்தது. “நீங்களாவது வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனைச்சேன். கல்யாணம் பண்ணா மனசுக்கு ஆறுதலா இருக்கும்னு டீச்சரம்மாவே சொல்லிட்டாங்கன்னு தறியில குந்திக்கினு பெருமையாச் சொல்றாரு!”

நான் பதறிப்போனேன். நம் ஊரில் ஆறுதலாக என்றால் அவசரப்படாமல், மெல்ல என்று பொருள். இங்கே அது துக்கத்தைத் தேற்றும் சொல். தடுக்கச் சொன்ன என் ஒரே வார்த்தை ஆசீர்வாதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் என் அக்காவின் கலியாணத்துக்குமுன், தொடர்ந்து மூன்று ஞாயிறு போதகர் பெயர்களை வாசித்து, இதற்குத் தடை அறிந்தவர் யாரேனும் உண்டோ என்று சபையைக் கேட்டது நினைவுக்கு வந்தது. சிறுபிள்ளையான நான் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் எழும்பவில்லை. அது வெறும் சடங்கு என்று பிறகு விளங்கிக்கொண்டேன். ஆனால் கேட்கவாவது கேட்டார்கள். வள்ளிக்காக யாரும் கேட்கவில்லை. தடை அறிந்த நானோ சரியான தமிழ் தெரியாமல் நின்றேன்.

நாகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனேன். ஏகாம்பரம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நான் சொன்னது வேறை. இப்ப வேண்டாம் எண்டுதான் சொன்னனான். பிள்ளை வளரட்டும்.”

அவர் முகம் கடுத்தது. “சட்டத்தைக் காட்டி மெரட்றீங்களாமா?”

“சட்டம் இன்னும் வரேல்லை. நான் சட்டத்தைச் சொல்லேல்லை, வள்ளியைச் சொல்லுறன்.”

“மாப்பிள்ளை ஊட்ல அவசரப்பட்றாங்க. இப்போ வுட்டா வேற எடம் பார்த்துடுவாங்க. உங்களுக்கு இன்னா தெரியும்?”

என் பின்னால் நின்ற நாகம்மா முன்னால் வந்தாள். “அவங்களுக்குத் தெரியாதுய்யா. எனக்குத் தெரியும். பதிமூணு வயசுல பெத்து, அந்தப் புள்ளைய நான் கண்ணால பாக்கறதுக்குள்ள எடுத்துக்கினு போயி பொதைச்சீங்களே, மறந்துட்டியா? மாசியில கல்யாணம்னா, நான் அந்தப் பக்கம் குந்த மாட்டேன். நீயே ரெண்டு கரையும் நெய்யி.”

ஏகாம்பரம் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தார். ஊரே நெய்துகொண்டிருந்த அந்த நாட்களில் அந்த ஒரு தறி மட்டும் நின்றது. சுவருக்கு இப்பால் எனக்கு அந்த அமைதி பயமாக இருந்தது. ஒரு குடும்பத்தைக் குலைத்துவிட்டேனோ என்று முழங்காலில் நின்று அழுதேன்.

இரண்டொரு நாளில் அவர் வாலாஜாபாத்துக்கு ரயிலேறினார். திரும்பி வந்தவர் நேரே என் வாசலுக்கு வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“நாங்க அவசரப்பட்றோம்னு அவங்க நெனைச்சிக்கினு இருந்தாங்களாம்மா! பையனோட அம்மா, ‘எங்க பையனும் படிக்கட்டும், ரெண்டு மூணு வருசம் கழிச்சிப் பாத்துக்கலாம்’னு சொல்லிட்டாங்க. நடுவுல பேசனவங்க ரெண்டு பக்கமும் பயத்தைக் கௌப்பி வுட்டிருக்காங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நாகம்மா தறிக்கு வந்துட்டா” என்றார்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியவில்லை. ஆனால் அந்த ஞாயிறு ஆராதனையில் நான் எழும்பி, தாலி ஏறிய என் மாணவிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர்களுக்காக ஜெபிப்போம் என்று கேட்டேன். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வெள்ளைக்கார அம்மாவிடம், புருஷன் வீட்டுக்குப் போகும் காலம்வரை அந்தப் பிள்ளைகள் தாய்வீட்டில்தானே இருக்கிறார்கள், அவர்கள் திரும்பப் படிக்கட்டுமே என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “நானும் உன்னோடு வீடுகளுக்கு வருகிறேன்” என்றார். கதவைத் தட்டியபோது சிலர் முகத்தைத் திருப்பினார்கள். சிலர் அனுப்பினார்கள். இன்று என் வகுப்புப் பலகைகளில் மஞ்சள் கயிறு அணிந்த சிறுமிகள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

இப்போது இலங்கையில் பெண்களுக்கும் வாக்குரிமை வந்துவிட்டது என்று கேள்விப்படுகிறேன். அங்கே எனக்கு வாக்கு உண்டு, நான் இல்லை. இங்கே நான் உண்டு, சொத்தில்லாத எனக்கு வாக்கு இல்லை. ‘எங்கள் தேசம்’ என்று ஜெபிக்கத் தொடங்கினால், எந்தத் தேசம் என்று நாக்கு ஒரு கணம் நின்றுதான் போகிறது.

போன வாரம் பூமிசாஸ்திர வகுப்பில், இந்தியாவையும் இலங்கையையும் கரும்பலகையில் வரையும்படி வள்ளியிடம் சொன்னேன். நிதானமாக வரைந்தாள். முடித்தபோது பார்த்தால், நடுவில் கடலே இல்லை. இரண்டு கரையும் ஒட்டிக்கொண்டிருந்தன. திருத்துவதற்காகத் துடைப்பானைக் கையில் எடுத்தேன். வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒட்டிய இடத்தை என்னால் துடைக்க முடியவில்லை. மணி அடிக்கும்வரை அதை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.