பாதி வெளுத்த பவளம்

சட்டம் தெரிந்தவன் பவளம் வளர்ப்பது சிரமம். உயிருள்ள பவளத்தைக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது என்று கரையோரமெங்கும் சொல்லித் திரிவதற்காகவே அரசாங்கம் எனக்குப் பல வருடம் சம்பளம் கொடுத்தது. ஆகவே ஓய்வுபெற்ற பிறகு, ஆலங்குடாவில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, அனுமதி பெற்ற பண்ணையொன்று தொட்டியில் வளர்த்த மூளைப் பவளத்தைக் கொழும்புப் பக்கமிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கைமுட்டி அளவு, மூளை போல மடிப்புகள். பழுப்பில் கொஞ்சம் பச்சை.

தொட்டியை ஹோலில் வைக்க மனைவி சம்மதித்தாள்.

"ஆனா இது மௌத்தாப் போனா, தொட்டி கோழிக்கூட்டுப் பக்கம் போயிரும். இப்பவே சொல்லிட்டன்."

பழைய குழல்விளக்கின் கீழ் பவளம் சுருங்கிக் கிடந்தது. அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி, வெளிச்சத்தைக் கொண்டு ஆக்கிப் போடுவதைத்தான் அது தின்கிறது. அடுப்பெரியாத வீட்டில் யாருக்கு உற்சாகம் வரும்? நானே எல்இடி விளக்கு செய்ய இறங்கினேன். மதுரங்குளியில் ஜன்னல் சட்டம் செய்யும் கடையில் ஓர் அலுமினிய வெட்டுத்துண்டு கிடைத்தது. வெப்பம் கடத்தும் பசை தடவி, நீலமும் வெள்ளையுமாக எல்இடிகளை அதன்மேல் ஒட்டி, ஈயம் வைத்துக் கம்பிகளை இணைத்தேன். பழைய கணினியின் காற்றாடி சூட்டைத் தணித்தது. விளக்கைத் தொட்டிக்கு மேலே உயரத்தில் தொங்கவிட்டேன். தெறிக்கும் உப்புநீர் அதில் படாதிருக்கத் தொட்டிக்கு ஒரு கண்ணாடி மூடி.

முதல்முறை ஏற்றியபோது ஹோல் முழுக்க நீலமாயிற்று. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நாநா, சலூன் தொறக்கிறீங்களா? தலையில இன்னம் கொஞ்சம் மயிரு ஈக்கி, வரட்டா?"

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகியும் வைத்திருந்தேன். ஆனால் புதிதாகப் பொருத்திய எதையும் முழு வலுவில் ஓட்டிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டுமென்பது, அலுவலகத்தில் நான் மற்றவர்களுக்குப் போதித்த விதி. திருகியை அதன் எல்லைவரை திருப்பினேன். பவளத்தின் அபிப்பிராயம் கோரப்படவில்லை.

மனைவிக்கு வேறு முறைப்பாடு. தொட்டியின் இடப்பக்கக் கதிரையில் இருந்துதான் அவள் டீவி பார்ப்பாள்.

"நாடகத்துல எல்லாரும் நீல மூஞ்சியோட அழுவுறாங்க."

பழைய திரைச்சீலைத் துண்டொன்றை மடித்து, மூடியின் இடப்பக்கப் பாதியில் விரித்தாள். தீத்தடுப்பு விதிகளைச் சொல்லி நான் எடுத்தேன். மறுபடியும் விரித்தாள்.

"வெளக்கு எங்கயோ உசரத்துல தொங்குது. துணி எப்பிடிப் பத்தும்?"

துணி தங்கிவிட்டது.

பிறகு பவளம் வெளுக்கத் தொடங்கியது. தண்ணீரின் உப்பைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன், ஓட்டத்தைப் பார்த்தேன். எல்லாம் விதிப்படி. மனைவி கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்தாள்.

ஒரு காலை, தொட்டிக்கு முன் குந்தியிருந்தபோதுதான் கவனித்தேன்: வெளுப்பு பவளத்தின் நடுவில் ஒரு நேர்கோட்டோடு நின்றுபோயிருந்தது. எந்த நோயும் அடிமட்டம் வைத்துக் கோடு போடாது. கோட்டிலிருந்து விரலை மேலே கொண்டுபோனேன். அது திரைச்சீலையின் விளிம்பில் முட்டியது. துணிக்குக் கீழிருந்த பாதி பழுப்பும் பச்சையுமாகப் புடைத்து நின்றது. என் பாதி சுண்ணாம்பு. பண்ணையின் மங்கிய வெளிச்சத்தில் வளர்ந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலில் தள்ளியிருக்கிறேன், அதற்கு நிறம் கொடுத்த பாசி குடிபெயர்ந்துவிட்டது.

"அந்தத் திரைச்சீலைட மத்தத் துண்டு எங்க ஈக்கி?" என்றேன்.

"எதுக்கு? நெருப்புப் பத்துமே?"

"பத்தாது."

"யாரு சொன்ன?"

"நீதான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அலுமாரியைத் திறந்தாள்.

மூடி முழுவதும் துணியை மடிப்பு மடிப்பாக விரித்தேன். திருகியையும் நன்றாகக் குறைத்தேன். பிறகு சில நாளுக்கொன்றாக மடிப்புகளை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு பவளத்தின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். அப்படிக் காத்திருக்க எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை.

மாற்றத்தை முதலில் கண்டது அவள்தான்.

"இஞ்ச வாங்க. இந்தப் பக்கம் ஒரு நெறம் வந்தீக்கி."

வெள்ளையின் ஓரத்தில், கோப்பையில் படிந்த தேயிலைக்கறை போல, மெல்லிய பழுப்பு. இருவரும் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தோம்.

"அப்ப, கோழிக்கூட்டுப் பக்கம்?" என்று கேட்டேன்.

"போகத் தேவல்ல. ஆனா என்ட பக்கத்துத் துணிய எடுத்துராதீங்க. நாடகம் இன்னம் முடியல்ல."