கற்பகம் திரும்பிப் போனாளா?

சேவூர் சின்னம்மாளைத் தேடி வருகிறவர்கள் யாரும் அவளுக்காக வருவதில்லை. ஆரணியில் வாழ்ந்து மறைந்த நாவலாசிரியை தனகோடி அம்மாளுக்காக வருவார்கள். எழுபத்து நாலில் யாரோ ஒரு பதிப்பாளர் அந்த அம்மாளின் நாவலை மறுபடி அச்சுப் போட்டாலும் போட்டார், அன்றைக்குப் பிடித்தது சனி. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, "தனகோடி அம்மா வீட்டுல வேலை செஞ்சது நீங்கதானே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அம்மாள் எழுதும்போது அழுவாரா? வீட்டுக்காரர் திட்டுவாரா? நாவலில் வரும் கற்பகம் நிஜமாகவே இருந்தவளா? செத்துப்போனவரின் அடுப்படிவரை நுழைந்து பார்க்கிற ஆசை, படித்தவர்களுக்குத்தான் எவ்வளவு! சின்னம்மாளும் சலிக்காமல் பதில் சொல்வாள். பத்து வயதிலிருந்து ஐந்து வருஷம் அங்கே பாத்திரம் துலக்கியவள். சாயங்காலமானால் அம்மாள் அன்று எழுதியதை அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவார். எழுத்து தெரியாத பெண்ணுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது அவர் எண்ணம்.

ஒன்றை மட்டும் சின்னம்மாள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாவலின் முடிவு அவளுக்குத் தெரியாது. நாற்பத்து மூன்றில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது கடைசி அத்தியாயம் எழுதப்படவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைக் கேட்டார்.

"கற்பகம் என்ன செய்யணும், சொல்லு. அடிச்ச புருஷன்கிட்டயே திரும்பிப் போகணுமா?"

"போய்த்தான் ஆவணும்மா. பொம்பள வேற எங்க போவா?"

அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மாளும் அதோடு அந்த வீட்டை விட்டு வந்துவிட்டாள்.

வாய்த்த புருஷன் பச்சையப்பனும் அடித்தான். மூன்று முறை தாய் வீட்டுக்கு ஓடி வந்தாள். மூன்று முறையும் தானாகவே திரும்பிப் போனாள். போகும்போதெல்லாம் கற்பகத்தின் நினைவு வரும். தன் பேச்சைக் கேட்டு அம்மாள் அந்தப் பெண்ணையும் அனுப்பிவைத்துவிட்டாரோ என்று மனசு அரிக்கும். பச்சையப்பன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் அந்த அரிப்பு போகவில்லை. வருகிறவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயம். கதையை முதலில் கேட்டவளுக்கே முடிவு தெரியாது என்றால் கௌரவம் என்ன ஆவது என்கிற வீம்பு வேறு.

எண்பத்தொன்றில் ஒரு சனிக்கிழமை, வேலூரில் கல்லூரி ஆசிரியையாக இருந்த ஆரோக்கியசெல்வி வந்தாள். தனகோடி அம்மாளின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள். சின்னம்மாள் அன்று பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலான பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கவேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழைகள். தொட்ட கைதான் முடிக்கவேண்டும், கை மாறினால் முறுக்கு மாறும் என்பது அந்த வீட்டு வழக்கம். கவர்னரே வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

மதியத்துக்குள் ஆரோக்கியசெல்வியின் கேள்விகள் தீர்ந்துவிட்டன. பஸ்ஸுக்கோ இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பொழுது போகாமல் பையிலிருந்து நாவலை எடுத்தாள். சின்னம்மாள் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"சும்மா உக்காந்துகினு இருக்கீங்களே டீச்சர், அதைக் கொஞ்சம் படிங்களேன். எனக்கும் வேலை ஓடும்."

"எந்த இடம் படிக்கட்டும்மா?"

"கடைசி."

ஆரோக்கியசெல்வி படித்தாள். கற்பகத்தை அழைத்துவர மாமியார் மாட்டுவண்டி அனுப்புகிறாள். கற்பகம் வண்டிக்காரனுக்குச் சோறு போட்டு, வெறும் வண்டியைத் திருப்பி அனுப்புகிறாள். அவ்வளவுதான் கதை.

சின்னம்மாளின் விரல்கள் நின்றுவிட்டன.

"போவலியா அவ?"

"போகலியேம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது டீச்சர். நான் சொல்லித்தான் அவ போயிட்டான்னு நெனச்சிகினு இருந்தேன்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முப்பத்தெட்டு வருஷம் நெஞ்சில் கிடந்த கல் ஒரு நொடியில் இறங்கியது. அன்று அம்மாள் கேட்டதையும் தான் சொன்னதையும் மடமடவென்று கொட்டினாள். பிறகு ஏதோ தோன்றி, "இதை எப்ப எழுதினாங்கன்னு போட்டுக்கீதா?" என்று கேட்டாள்.

கதை முடிகிற இடத்தில் தேதி இருந்தது. "நாற்பத்து மூணு, ஆவணி பதினொண்ணு."

"எங்கிட்ட கேட்டது ஆவணி பத்து," என்றாள் சின்னம்மாள். "பதினாலு என் கல்யாணம். வந்திருந்தாங்க. புடவை குடுத்து, நல்லா இருன்னு தலையைத் தடவிட்டுப் போனாங்க."

சிரிப்பு போய்விட்டது. கோபம் வந்தது. அந்த அம்மாள்மேல் அவளுக்கு வந்த முதல் கோபம் அதுதான். ஆரோக்கியசெல்வி நோட்டைத் திறப்பதா வேண்டாமா என்று தயங்கினாள்.

"இதை எழுதட்டுமாம்மா?"

"எழுதுங்க டீச்சர். கதையில கீற பொண்ணைப் போவாதன்னு நிறுத்தினாங்க. வூட்ல இருந்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லல."