ஆற்றுமணலில் பக்கத்துப் படுக்கை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஏசி இருக்கிறது, நுளம்புவலை இருக்கிறது, முதுகு நோவுக்கென்று மகள் வாங்கிப் போட்ட தடித்த மெத்தையும் இருக்கிறது. நித்திரைதான் இல்லை. கணவர் போன நாளிலிருந்து இப்படித்தான். கடைசி ரயில் கடற்கரையோரமாகத் தெஹிவளைப் பக்கம் போவதையும் கேட்பேன், விடிய முதல் ரயில் வருவதையும் கேட்பேன்.

நான் கடைசியாக நன்றாகத் தூங்கியது காட்டில். சொன்னால் சிரிப்பார்கள். கணவர் போன அடுத்த வருடம், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். உகந்தை முருகன் கோயிலடியில் காட்டுவாசலைக் கொஞ்ச நாட்களுக்குத்தான் திறப்பார்கள். உள்ளே போய்விட்டால் கதிர்காமம் வரும்வரை கடையும் இல்லை, கூரையும் இல்லை. பொழுது சாயமுன் தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து ஒதுங்கி, நெருப்பு மூட்டி, நிலத்தில் தார்ப்பாய்ப் படங்கை விரித்துப் படுக்க வேண்டியதுதான்.

மருமகன் விடவில்லை. "மாமி, பாம்பு பூச்சி வரும்" என்று சொல்லி ஒரு கூடாரம் வாங்கித் தந்தார். முதல் நாள் கூமுனை ஆற்றங்கரையில் அதை விரித்து நிமிர்த்துவதற்குள் எனக்குச் சீவன் போய்விட்டது. ஒரு பக்கம் எழும்ப மறுபக்கம் விழுந்தது. பக்கத்தில் படங்கு விரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன சாமி, வீடு குடிபூரலோ? பால் காய்ச்சேல்லையோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கள் வந்து பிடிச்சாத்தானே காய்ச்சலாம்" என்றேன். அவர் வந்து பிடித்தார். அதற்குப் பிறகு இன்னும் மோசமாக விழுந்தது. கடைசியில் கூடாரத்தைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் படுத்தேன். மேலே மருத மரங்களின் இலை, இலைக்குள்ளால் வானம், கீழே பகல் வெயிலின் சூடு இன்னும் ஆறாத மணல். யானை வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. தனியாக எழும்பிப் புதருக்குள் போய்விடக்கூடாது என்று என் சால்வை நுனியையும் அவருடைய சால்வை நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டோம். ஒருத்தி அசைந்தால் மற்றவளுக்குத் தெரியும். வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது நினைவிருக்கிறது. அடுத்தது விடியற்காலை குயில். அவ்வளவு மாதத்துக்குப் பிறகு நான் ஒரே அடியாகத் தூங்கியிருந்தேன். அவர் விட்ட குறட்டைக்கு மற்றச் சனமெல்லாம் முழித்துக்கொண்டு கிடந்ததாம்.

அடுத்துத் தங்கிய நாவலடியில் தண்ணீருக்குப் பட்டபாடு சொல்லி மாளாது. கலங்கல் தண்ணீரைச் சீலைத் துணியில் வடித்துத் தேத்தண்ணி வைத்தோம். ஆனால் அங்கே படுத்த இடத்தில் வந்த காற்று இருக்கிறதே, அதை இந்த ஏசி ஏழு பிறப்பெடுத்தாலும் தராது. அதற்கடுத்த தங்கலான வியாழையில் தரையெல்லாம் முள். வள்ளியம்மன் ஆற்றில் மணலைக் கையால் தோண்டத் தண்ணீர் ஊறியது. எல்லா இடத்திலும் பக்கத்தில் அந்தக் குறட்டைச் சாமி. கணவரைப் பற்றி மகளோடுகூடக் கதைக்காததை எல்லாம் அவரோடு கதைத்தேன். அவரும் கொழும்புதான், கொட்டாஞ்சேனை. அவருடைய மகளுக்குப் பிள்ளை இல்லை, அதற்காக வருடா வருடம் நடக்கிறார்.

இவ்வளவு தெரியும், பெயர் தெரியாது! நடைப் பயணத்தில் ஆணென்றில்லை பெண்ணென்றில்லை, எல்லாரும் சாமிதான். பெயரோ விலாசமோ ஒருவரும் கேட்கமாட்டார்கள். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகி எழும்ப மருமகன் வான் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "கொழும்பில சந்திப்பம் சாமி" என்றேன். "ஓம் ஓம்" என்றார். வான் பாதித் தூரம் போன பிறகுதான், பெயரோ நம்பரோ வாங்கவில்லையே என்று என் புத்தி வேலை செய்தது.

கொட்டாஞ்சேனையில் எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பேன். "பேர் என்ன அன்ரி?" என்பார்கள். தெரியாது. "எந்த ஒழுங்கை?" தெரியாது. "அப்ப என்னத்தை வைச்சுத் தேடுறது?" குறட்டையை வைத்து என்று சொல்லலாமா?

பிறகு முழங்காலுக்கு ஒபரேஷன். "காட்டை மறந்திடுங்கோ அம்மா" என்றார் டொக்டர். மறக்கிற மாதிரியா அது? இந்த வருடம் வாசல் திறக்கிற செய்தி கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று மட்டும் மகளிடம் சொல்லிவிட்டுப் பொத்துவில் பஸ் ஏறி, உகந்தைக் காட்டுவாசலில் போய் நின்றேன். நடக்கிற எல்லாரும் அந்த வாசலால்தானே போக வேண்டும்.

அவர்தான் முதலில் கண்டார். "எங்க சாமி போய்த் துலைஞ்சனீங்கள்? வெள்ளவத்தை மாக்கெட்டில எத்தினை வெள்ளிக்கிழமை உங்கட முகத்தைத் தேடினனான்!"

கட்டிப்பிடித்து அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது. முதல் வேலையாக நம்பரை வாங்கினேன். மகளுக்கு இப்போது ஆறாம் மாதமாம், நேர்த்திக்கடனை முடிக்க நடக்கிறாராம். என் பையைத் தேடினார். "எங்க உங்கட படங்கு?"

"நான் வரேல்ல சாமி. முழங்கால்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் ஆருக்குப் பக்கத்தில படுக்கிறது? நானும் நிண்டிடட்டோ?"

நில்லுங்கோ என்று சொல்ல வாய் உன்னியது. சத்தியமாக உன்னியது. "பிள்ளைக்கு வைச்ச நேர்த்தி, முறிக்காதேங்கோ" என்றேன்.

வரிசையில் ஓர் இளம்பெண் தனியாக நின்றாள். புதுப் படங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யானை எந்த இடத்தில் வரும் என்று கண்டவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நொண்டி நொண்டிப் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். "இந்தச் சாமிக்குப் பக்கத்தில படுங்கோ பிள்ளை. குறட்டை விடுவா. பயப்பிடாதேங்கோ, அந்தச் சத்தத்துக்கு யானை கிட்ட வராது."

பெண் சிரித்தாள். கொட்டாஞ்சேனைச் சாமி சிரிக்கவில்லை. அரோகராச் சத்தத்தோடு சனம் தள்ள, இருவரும் வாசலுக்குள் போனார்கள். போகும்போதே அந்தப் பெண் அவருடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

நல்ல பிள்ளைதான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. அது என்னுடைய இடம்.