எனக்காக வருகை சொன்னவள்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்தேன். மழை விட்டிருந்தது, மேகம் விலகவில்லை. அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, மூன்று நாளாகக் காயாத துணிகளை மின்விசிறிக்கு அடியில் திருப்பிப் போட்டேன். பத்து மணிக்கு அண்ணனுடைய மாத்திரைகளை வாங்கி வந்தேன். ஒன்றேகாலுக்குச் சாப்பாடு: வத்தக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், மோர். இரண்டு இருபதுக்கு மாடி அறைக்குப் போய், நைட்டியின் மேல் அலுவலகக் கோட்டை மாட்டிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டரைக்கு வத்தக்குழம்பு ஏப்பத்தை அடக்கியபடி, திரையில் தெரிந்த முதல் மாணவனுக்கு ‘குட் மார்னிங்’ சொன்னேன். துணி எடுக்க வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். “சாப்பிட்டு முடிச்சுட்டு குட் மார்னிங்கா? ஒரு நாளைக்கு உனக்கு எத்தனை தடவைதான் விடியும்?” என்றார். அந்த மாணவன் யார் பேசுவது என்று கேட்டான். என் மேலாளர் என்றேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்காட்லாந்தில், கடலோர நகரம் ஒன்றில் வாழ்கிறேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவி அலுவலகத்தில் வேலை. ஆண்டுக்கொரு முறை மூன்று வாரம் கிழக்கு தாம்பரத்தில் அண்ணன் வீட்டுக்கு வருவேன். கடைசி வாரம் விடுப்பு கிடையாது, இங்கிருந்தே, அந்த ஊர் நேரப்படி வேலை பார்க்க வேண்டும். என் வேலையை இந்தத் தெருவில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. பாடம் நடத்துகிறாயா என்பார்கள். இல்லை. கட்டுரை எழுதத் திணறுபவருக்குப் பயிற்சி ஏற்பாடு செய்வேன். வேலைக்கான விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பேன். மூன்றாம் ஆண்டில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான் ஹானர்ஸ் என்னும் நான்காம் ஆண்டுக்குப் போக முடியும், அதற்கு அவர்களைத் தயார்படுத்துவேன். காணாமல் போகிறவர்களைத் தேடுவேன். கடைசியாகச் சொன்னது எங்கள் விளம்பரத் தாளில் இருக்காது. நான் படித்த தாம்பரத்துக் கல்லூரியில் இத்தனைக்கும் சேர்த்து ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. தங்கப் பதக்கம் வாங்கியவர் படம், நேர்முகத் தேர்வுக்கு வரும் கம்பெனியின் பெயர், வருகை குறைந்தவர்களின் பட்டியல் எல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும்.

மூன்று மணிக்கு ஒரு பேராசிரியர் அழைப்பில் வந்தார். நிவேதா என்ற மூன்றாம் ஆண்டு மாணவியைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். நிவேதாவை எனக்குத் தெரியும். அனகாபுத்தூர் பெண், முழு உதவித்தொகையில் வந்தவள். முதலாண்டில் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பம் எழுத என்னிடம் வந்தபோது, நான் தாம்பரம் என்று சொன்னதும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹானர்ஸ் ஆண்டுக்குள் நுழைந்தால்தான் அவளுடைய உதவித்தொகை தொடரும். அதற்கான ஆய்வுத் திட்டத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம்கூட வரவில்லை, மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை என்றார் பேராசிரியர். “கணினியில் பார்த்தால் ஒரு வகுப்பைக்கூட அவள் விடவில்லை. ஆனால் இந்த ஒரு மாதமாக எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், முகம் வரவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா?” என்றார்.

அவருக்கு வயதாகவில்லை. அங்கே வகுப்பறை வாசலில் ஒரு கருவி இருக்கும், மாணவர்கள் தங்கள் அட்டையை அதில் தொட்டுவிட்டு உள்ளே போவார்கள். அட்டை தொட்டால் ஆள் வந்ததாகக் கணக்கு. வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் தோன்றவில்லை. தாம்பரத்தில் படித்த எனக்கு, அவர் பேசி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது, அவளுடைய அட்டையை வேறு யாரோ தொடுகிறார்கள்.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஆகஸ்ட் மாதத்தில் அப்பா இறந்தார். காரியங்கள் முடிந்து அண்ணன் வேலைக்குத் திரும்பினான், அம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விட்டார். நானும் தினமும் குளித்து, உடுத்தி, பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். தெருமுனை வரை போய்விட்டு, அம்மா பேருந்து ஏறியதும் திரும்பி வந்து இதே மாடி அறையில் படுத்துக்கொள்வேன். தண்டவாளம் அருகில் இருப்பதால் ரயில் போகும்போது ஜன்னல் கம்பி மெல்ல அதிரும். அந்த அதிர்வுக்காகக் காத்துக் கிடப்பேன். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை.

அந்த நாட்களில் எனக்காக வகுப்பில் வருகை சொன்னவள் ஸ்டெல்லா. பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருவாள். என் எண் முப்பத்தொன்று, அவளுடையது நாற்பத்து நான்கு. முப்பத்தொன்றுக்குத் தலையைக் குனிந்து, என் குரலை அப்படியே வரவழைத்து “யெஸ் சார்” என்பாளாம். நாற்பத்து நான்குக்கு நிமிர்ந்து தன் குரலில் சொல்வாளாம். எல்லா வகுப்பிலும் நடப்பதுதான், நாங்கள் ‘ப்ராக்ஸி’ என்போம். சினிமாவுக்குப் போனவனுக்கும் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் யாராவது சொல்வார்கள். சொல்லாதவன்தான் துரோகி. ஸ்டெல்லா என்மேல் வைத்த அன்பில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவள் அவ்வளவு நன்றாகச் சொன்னதால், நான் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. கணக்குப்படி ஒரு மாதத்துக்கு மேல் வகுப்பில் நான் உட்கார்ந்திருந்தேன், இந்த அறையில் யாரும் இல்லை.

ஒரு நாள் ஸ்டெல்லாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எனக்காகப் பின்வரிசைப் பையன் ஒருவன் குரலை மெல்லிசாக்கிச் சொல்லியிருக்கிறான். வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. ஆசிரியர் மட்டும் சிரிக்காமல், “அந்தப் பொண்ணு எங்க?” என்று கேட்டாராம். அன்று மாலையே ஸ்டெல்லாவையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா கதவைத் திறந்து, “அவ காலேஜ்ல இருந்து இப்பதானே வந்தா?” என்றது மாடியில் எனக்குக் கேட்டது. பிறகு படியேறி வந்த கால்களின் சத்தம். அது கேட்ட பிறகுதான் முதல்முறையாக அழுதேன்.

பேராசிரியரிடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, நிவேதாவை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. செப்டம்பரில் ஹானர்ஸ் பற்றிக் கேட்க வந்தபோது தன்னோடு தங்கியிருக்கும் ஐலா என்ற உள்ளூர்ப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். இருவருக்கும் ஒரே வகுப்புகள். ஐலா உடனே எடுத்தாள். நிவேதா சாப்பிட்டாளா என்று கேட்டேன். நம் ஊரில் எதையும் அப்படித்தான் ஆரம்பிப்போம். ஐலா வெடுக்கென்று, “ஃப்ரிட்ஜில் அவளுக்குத் தனித் தட்டு இருக்கிறது. அதில் நான் கை வைத்ததே இல்லை” என்றாள். அவள் திருடினாளா என்று நான் கேட்கவில்லை எனப் புரியவைக்கச் சிறிது நேரமானது. அதன்பின் அட்டையைப் பற்றிக் கேட்டேன்.

“அவள் களைப்பாக இருக்கிறாள், அவ்வளவுதான். வருகை குறைந்தால் விசா போய்விடும் என்றாள். ஒரு வாரம்தான் என்று நினைத்தேன். என்னை வெளியேற்றிவிடுவார்களா?”

“அதைப் பிறகு பேசலாம். அவளை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்?”

“சத்தம் கேட்கும். இரவில் எழுந்து நடப்பாள்.”

“பார்த்தது எப்போது?”

அவள் அழத் தொடங்கியிருந்தாள். ஸ்டெல்லாவும் அன்று இதே மாடிப்படியில் நின்று இப்படித்தான் அழுதாள்.

கதவைத் தட்டி, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கதவருகே பிடிக்கச் சொன்னேன். ஐலா தட்டினாள். என்ன சொல்வது என்று தெரியாமல், வகுப்பில் ஆசிரியர் கூப்பிடுவதுபோல் “நிவேதா” என்று மட்டும் கூப்பிட்டேன். இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். அப்போது இங்கே ஒரு ரயில் போனது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

“மேடம்?” கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “நீங்க எங்க இருக்கீங்க? ட்ரெயின் சத்தம் கேக்குது.”

“தாம்பரத்துலதான்மா இருக்கேன்.”

“எலெக்ட்ரிக் ட்ரெயினா?”

“எட்டிப் பாத்தாதான் தெரியும். பாத்துச் சொல்லவா?”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. “அங்க மழை பெய்யுதா மேடம்?” என்றாள்.

அதன் பிறகு அவள் பேசியதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடையாற்றில் வெள்ளம் வந்தது. அன்று அவள் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அம்மா போனில், இங்கே ஒன்றுமில்லை, சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் இவளுக்குத் தெரிந்தது. இந்த ஆண்டு மழை தொடங்கியதிலிருந்து இவள் இரவெல்லாம் சென்னைச் செய்திகளைப் பார்க்கிறாள், பகலில் எழ முடியவில்லை. ஒரு வகுப்பு விட்டது, பிறகு இன்னொன்று. பிறகு போவதற்கு வெட்கமாகிவிட்டது.

“அம்மா டெய்லி ஒண்ணும் இல்லன்றாங்க மேடம். வீடியோ கால்ல மொட்டை மாடில நின்னுகினு பேசுறாங்க. கீழ காட்டுமான்னா, கரண்ட் இல்லன்றாங்க.”

“நீ எப்படி இருக்கேன்னு அவங்க கேட்டா?”

“க்ளாஸ்லேர்ந்து இப்பதான் வந்தேன்னு சொல்வேன்.”

பிறகு அவளே கேட்டாள். “உங்களுக்கு அனகாபுத்தூர் பக்கம்தானே? ஒரு தடவை எங்க வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் பாப்பீங்களா? நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. என்னைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க. தண்ணி நிக்குதான்னு மட்டும் பாருங்க.”

மாணவர்களைப் பற்றிப் பெற்றோரிடம் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. இங்கே அது தலைகீழ், வருகை குறைந்தால் முதலில் அப்பாவைத்தான் கூட்டி வரச் சொல்வார்கள். வாசலைப் பார்ப்பதைப் பற்றி எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. போகிறேன் என்றேன். அங்கே பிற்பகலுக்கு ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கி, ஐலாவை அவளுடன் அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக் கெடுவைத் தள்ளி வைக்க விண்ணப்பித்தேன். அட்டை விஷயத்தை வியாழனுக்குள் இருவரும் தாமாகப் போய்ச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றேன். “நாளைக்கு அவள் அட்டையைத் தொடாதே. யாராவது அவளைத் தேடட்டும்” என்று ஐலாவிடம் சொன்னேன். அவளுக்கு அது கொடுமையாகப் பட்டிருக்கும். சரி என்றாள்.

வேலை முடிந்து கீழே வந்து சாப்பிட்டேன். ஸ்டெல்லா கொரோனா காலத்தில் இறந்துபோனாள். பல்லாவரத்தில் நடந்த அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்தேன். சுற்றி நின்ற சிலரில் யார் யார் என்று அடையாளம் காண முயன்றுகொண்டே இருந்தபோது இணைப்பு அறுந்தது. அவளாக இருந்தால் எப்படியாவது எனக்காக ஒரு குரல் கொடுத்திருப்பாள். இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் படியில் அவள் நிற்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றும். நேற்று தோன்றியபோது, நான் ஒதுங்கி வழிவிட்டு ஏறினேன்.

இன்று புதன்கிழமை காலை எழுந்ததும் முதல் காரியமாக, காபி குடிக்காமல், ஆட்டோ பிடித்தேன். “இந்த மழைல அனகாபுத்தூரா? பேஜாரு மேடம்” என்று சொல்லிக்கொண்டேதான் ஓட்டுநர் வண்டியை எடுத்தார். சந்துக்குள் ஆட்டோ போகாது, இறங்கி நடந்தேன். பல இடங்களில் சேறு, தேங்கிய தண்ணீர் இல்லை. நிவேதா சொன்ன பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்சுவரில், என் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, பழைய வெள்ளத்தின் பழுப்புக் கோடு சுண்ணாம்பையும் மீறித் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் காய்ந்திருந்தது. ஆனால் கட்டில் நான்கு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தப்பட்டிருந்தது. அரிசி மூட்டை அதன்மேல் இருந்தது.

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். நிவேதாவின் நெற்றி. “இன்னாம்மா, வூடு பாக்க வந்தியா?” என்றார். நான் தலையை எப்படி அசைத்தேனோ, அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். “இங்க வாடகைக்கு ஒண்ணும் இல்லம்மா. மாடி ரூமு கீது, அத்த உடமாட்டேன். எம் பொண்ணுது.”

தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்ந்து இறங்கியது. அது கடக்கும்வரை அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து சொன்னார். “ஃபாரின்ல படிக்கிறா. நல்லா கீறா. டெய்லி க்ளாஸ் போறா.”

“தண்ணி வந்துச்சாம்மா இங்க?”

“சொட்டு இல்ல” என்றார். இந்த முறை அது உண்மை. பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சாப்டியா?” என்று கேட்டார்.

சந்து முனைக்கு வந்து கைபேசியை எடுத்தேன். மணி ஏழேகால். அங்கே இரவு ஒன்றே முக்கால். நானே பார்த்தேன், வாசல் காய்ந்திருக்கிறது, அம்மா பெருக்கிக்கொண்டிருக்கிறார், கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றி வைத்திருக்கிறார் என்று ஒன்றையும் விடாமல் எழுதி அனுப்பினேன். அனுப்பிய கணமே அவள் படித்துவிட்டதற்கான குறி வந்தது. திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா, வீட்டு ஆள் கிளம்பிப் போன கையோடு பெருக்கக் கூடாது என்பதுபோல், நான் ஒரு நிமிடம் நின்றிருந்த இடத்தைப் பெருக்காமல் விட்டுவிட்டு, அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.